பிரீமியம் சொல்ல எந்த மாடல்? ஜிஎல்எம், பூஸ்டிங், அப்புறம் வால்பகுதி

மோட்டார் காப்பீட்டுக்குப் பிரீமியம் நிர்ணயிக்கும் எந்தக் குழுவிலும் இன்று இரண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சிக்கு ஜிஎல்எம் (பொதுமைப்படுத்திய நேரியல் மாடல்: வயது, பகுதி போன்ற ஒவ்வொரு காரணிக்கும் ஒரு பெருக்கெண்) போதும். எல்லோருக்கும் புரியும், இத்தனை காலம் ஓடியிருக்கிறது. இன்னொரு கட்சிக்கு கிரேடியன்ட் பூஸ்டிங்தான் (சின்ன முடிவு மரங்களை அடுக்கித் தரவிலிருந்து தானே கற்கும் முறை) வேண்டும், துல்லியம் கூடும். துல்லியத்தை வைத்து மட்டும் இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது என்பது என் கருத்து. கையில் இருக்கும் தரவில் உண்மையில் எவ்வளவு தகவல் இருக்கிறது, மாடல் தப்பினால் அந்தத் தப்பு எங்கே போய் அடிக்கும் என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

காப்பீட்டுத் தரவில் பெரும்பகுதி சுழியம். பிரான்ஸ் நாட்டு மோட்டார் மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீட்டின் தரவுத்தொகுப்பு ஒன்று ஆய்வாளர்கள் எல்லோரும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. அதில் 6,78,013 பாலிசிகள். ஏறத்தாழ 95 சதவீதப் பாலிசிகளில் ஒரு க்ளெய்ம்கூடக் கிடையாது. எல்லோருக்கும் ஒரே விலை என்ற மொட்டை மாடலிலிருந்து மிகச் சிறந்த மாடலுக்குப் போனாலும், இந்தத் தரவில் பிழை அளவு குறைவது ஒற்றை இலக்க சதவீதம்தான். மிச்சமெல்லாம் தற்செயல், அதை எந்த மாடலாலும் கணிக்க முடியாது.

இதைச் சின்னக் கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாகும். வருடத்துக்கு 100 வண்டிக்கு 7 க்ளெய்ம் என்று வையுங்கள். 200 வண்டி இருக்கும் ஒரு பிரிவில் 14 க்ளெய்ம் எதிர்பார்க்கலாம். இப்படி அரிதாக நடப்பவற்றின் எண்ணிக்கைக்குப் பயன்படும் பாய்சான் பரவலில் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) என்பது சராசரியின் வர்க்கமூலம், அதாவது இங்கே 3.7. அந்தப் பிரிவில் 18 க்ளெய்ம் வந்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது 29 சதவீதம் கூடுதல் ஆபத்துள்ள பிரிவு. கணக்குப்படி அது ஒரு திட்டவிலக்கத்தைச் சற்றே தாண்டிய சாதாரண ஆட்டம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தத் தொழிலில் செல்லாது. மாடல் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிவுகளை வெட்டுகிறதோ, அவ்வளவு சுலபமாக இந்தப் பொய்யான 29 சதவீதங்களைக் கண்டுபிடித்துக்கொண்டு வரும்.

ஜிஎல்எம் தருவது என்ன

நெல்டரும் வெடர்பர்னும் 1972-ல் பொதுமைப்படுத்திய நேரியல் மாடலுக்கு உருவம் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே ஆக்சுவரிகள் (காப்பீட்டு இடர் கணிப்பாளர்கள்) கிட்டத்தட்ட அதையே கையால் செய்துகொண்டிருந்தார்கள். பெய்லியும் சைமனும் 1960-லும், பின்னர் பெய்லி தனியாக 1963-லும் எழுதிய முறைகளில், ஒவ்வொரு பிரிவின் மொத்தமும் உண்மைச் செலவோடு பொருந்தும்வரை பெருக்கெண்களைத் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். அந்தப் பெருக்கல் முறை தருவதும், லாக் லிங்க் (காரணிகளைக் கூட்டாமல் பெருக்கவைக்கும் அமைப்பு) வைத்த பாய்சான் ஜிஎல்எம் தருவதும் ஒரே விடை என்பது பிறகு தெரியவந்தது.

விலை எப்படி வருகிறது என்று பார்ப்போம். க்ளெய்ம் எண்ணிக்கைக்கு ஒரு மாடல், சராசரி க்ளெய்ம் தொகைக்கு இன்னொரு மாடல். எண்ணிக்கைக்கு அடிப்படை ஆண்டுக்கு 0.06. இள வயது ஓட்டுநருக்கு 1.5, நெரிசல் பகுதிக்கு 1.2, குறைந்த திறன் எஞ்சினுக்கு 0.9. பெருக்கினால் 0.0972. தொகை மாடல் 44,000 என்று சொன்னால், எதிர்பார்க்கும் செலவு ஆண்டுக்குச் சுமார் 4,277. பாலிசி ஆறே மாதம் நடப்பில் இருந்தால் அதில் பாதி. இந்த நாலு பெருக்கெண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, விற்பனைப் பிரிவிடமும் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் காட்டலாம். கணிப்புத் திறன் பட்டியலில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் விலையைப் பற்றிப் புகார் வரும் நாளில் பதில் சொல்லப்போவது இந்தக் காகிதம்தான்.

இன்னொரு குணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. லாக் லிங்க் வைத்த பாய்சான் ஜிஎல்எம்மில், மாடல் கணித்த மொத்த க்ளெய்மும் நடந்த மொத்த க்ளெய்மும் சரியாகப் பொருந்திவிடும். மொத்தம் மட்டுமல்ல, மாடலில் உள்ள ஒவ்வொரு வகைப்பிரிவிலும் அப்படித்தான். யாருக்கு எவ்வளவு என்பதில் தவறு இருக்கலாம். மொத்த வசூல் கைவிடாது. காமா பரவலை (தொகைகளுக்கு வழக்கமாக எடுக்கும் பரவல்) லாக் லிங்க்கோடு வைக்கும் தொகை மாடலில் இந்தப் பொருத்தம் தானாக வராது. அங்கே மொத்தத்தைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. வயதுக்கும் ஆபத்துக்கும் உள்ள உறவு வளைகோடு. அதை ஜிஎல்எம்முக்குப் புரியவைக்க வயதை நாமே துண்டுகளாக வெட்ட வேண்டும். இளம் ஓட்டுநரும் வேகமான வண்டியும் சேர்ந்தால் ஆபத்து இரண்டின் பெருக்கலைவிட அதிகமாகலாம். அந்தச் சேர்க்கையை நாம் சொல்லிக் கொடுத்தால்தான் அது பார்க்கும். இருபது காரணிகள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்க்க 190 ஜோடி. யார் உட்கார்ந்து பார்ப்பது?

இரண்டு மாடலா, ஒரே ட்வீடியா?

மாரிஸ் ட்வீடியின் பெயர் தாங்கிய பரவல், அடுக்கெண் 1-க்கும் 2-க்கும் நடுவே இருக்கும்போது, பாய்சான் எண்ணிக்கையையும் காமா தொகையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. சுழியங்களையும் பெரிய தொகைகளையும் ஒரே மாடலே பார்த்துக்கொள்ளும். வேலை பாதி. சின்னக் குழுவுக்கு இது பெரிய கவர்ச்சி.

நான் இருந்தாலும் இரண்டு மாடலையே விரும்புவேன். நெரிசல் பகுதியில் உரசல்கள் அடிக்கடி நடக்கும், ஆனால் வேகம் குறைவு, சேதம் சின்னது. எண்ணிக்கைப் பெருக்கெண் 1.25, தொகைப் பெருக்கெண் 0.80 என்றால் பெருக்கல் பலன் 1.00. ட்வீடி இந்தக் காரணியைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும். இன்றைக்கு அது சரிதான். ஆனால் அடுத்த ஆண்டு உதிரிபாக விலை ஏறினாலோ, கழிவுத்தொகை வரம்பை (வாடிக்கையாளரே ஏற்கும் தொகையை) மாற்றி சின்ன க்ளெய்ம்கள் வராமல் செய்தாலோ, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நகராது. என்ன நகர்ந்தது என்று சொல்ல ட்வீடியிடம் எதுவும் இருக்காது. க்ளெய்ம் மிகக் குறைவாக இருந்து, தொகைக்குத் தனி மாடல் கட்டவே வழியில்லை என்ற நிலையில் மட்டும் ட்வீடியை எடுக்கலாம்.

பூஸ்டிங் எங்கே ஜெயிக்கிறது

ஜெரோம் ஃப்ரீட்மன் 2001-ல் வெளியிட்ட கிரேடியன்ட் பூஸ்டிங், சின்னச் சின்ன முடிவு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முந்தைய மரங்கள் விட்ட பிழையை அடுத்த மரம் பிடிக்கும்படி செய்வது. எக்ஸ்ஜிபூஸ்ட், லைட்ஜிபிஎம் என்ற மென்பொருள்கள் வந்த பிறகு லட்சக்கணக்கான பாலிசிகளை நிமிடங்களில் முடித்துவிடலாம். பாய்சான், காமா, ட்வீடி எல்லாமே அவற்றில் இழப்புச் சார்பாக, அதாவது பிழையை அளக்கும் சூத்திரமாக, கிடைக்கின்றன. அந்த 190 ஜோடிகளையும் இது தானாகவே தேடிப் பார்க்கும். வளைகோடுகளை வெட்டித் தர வேண்டிய அவசியமும் இல்லை.

போட்டி கடுமையான சந்தையில் இதன் மதிப்பு பெரிது. உங்கள் மாடல் ஒரு பிரிவுக்கு 10 சதவீதம் குறைவாகவும், வேறொரு பிரிவுக்கு 10 சதவீதம் கூடுதலாகவும் விலை சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகச் சொன்ன பிரிவு முழுதும் உங்களிடம் வந்து சேரும். கூடுதலாகச் சொன்னது போட்டியாளரிடம் போய்விடும். சராசரிப் பிழை சுழியம், ஆனால் நஷ்டம் நிச்சயம். பிழை அளவில் ஒரு சதவீத முன்னேற்றம் அற்பமாகத் தெரிந்தாலும், அது எந்தப் பிரிவில் குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து லாபமே மாறும்.

சரி, அதைப் பயன்படுத்துவதில் என்ன சிக்கல்? முதலாவது, பாலிசி நடப்பில் இருந்த காலம். பாதியில் ரத்தான பாலிசியை முழு ஆண்டுப் பாலிசியாகக் கொடுத்தால் மாடல் அதைப் பத்திரமான வாடிக்கையாளர் என்று நினைத்துவிடும். ஜிஎல்எம்மில் காலத்தின் லாக் மதிப்பை ஆஃப்செட்டாக (மாடல் மாற்றாமல் அப்படியே கூட்டிக்கொள்ளும் எண்ணாக) வைப்பது எல்லோருக்கும் பழக்கம். எக்ஸ்ஜிபூஸ்ட்டில் அதையே பேஸ் மார்ஜினாகக் கொடுக்க வேண்டும், அல்லது எண்ணிக்கையைக் காலத்தால் வகுத்து, காலத்தை எடையாக வைக்க வேண்டும். இரண்டும் ஒரே விடைக்குத்தான் போகும். இரண்டையும் செய்யாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மொத்தப் பொருத்தம். மரங்களைச் சீக்கிரம் நிறுத்துவதாலும் கற்றல் வேகத்தைச் சுருக்குவதாலும் பூஸ்டிங்கின் கணிப்பு மொத்தம் உண்மையான மொத்தத்தோடு ஒட்டுவது உறுதியில்லை. ஒரு மாறிலியால் பெருக்கிச் சரிசெய்யலாம்தான். ஆனால் அது ஒட்டுமொத்தத்தை மட்டும் சரிசெய்யும். பிரிவுவாரியாகச் சாய்வு இருந்தால் அப்படியே கிடக்கும்.

மூன்றாவதுதான் வாடிக்கையாளரைத் தொடுவது. ஒருவருக்கு வயது ஒன்று கூடியதும், வேறு எதுவும் மாறாமலே, பிரீமியம் 12 சதவீதம் துள்ளியது என்றால் காரணம் ஏதோ ஒரு மரத்தில் அந்த வயதில் விழுந்த வெட்டு. விளக்கம் கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஏறுமுகக் கட்டுப்பாடு போடும் வசதி இந்த மென்பொருள்களில் இருக்கிறது. க்ளெய்ம் வரலாறு மோசமானால் விலை குறையக் கூடாது என்று சொல்லிவிடலாம். போடாமல் வெளியே விடுவது தேவையில்லாத துணிச்சல்.

ஒப்பிடும் விதமும் முக்கியம். பாலிசிகளைக் கண்டபடி குலுக்கி இரண்டாகப் பிரித்துச் சோதித்தால், ஒரே வாடிக்கையாளரின் மூன்று ஆண்டுப் பதிவுகள் இரண்டு பக்கமும் சிதறிவிடும். அந்த மாதிரி சோதனையில் பூஸ்டிங்கே பெரும்பாலும் அழகாகத் தெரியும். கடைசி ஆண்டைத் தனியாக ஒதுக்கி அதில் சோதியுங்கள். பிறகு இரட்டை வரைபடம் ஒன்று போடுங்கள்: ஒவ்வொரு பாலிசிக்கும் பூஸ்டிங் விலையை ஜிஎல்எம் விலையால் வகுத்து, அந்த விகிதப்படி வரிசைப்படுத்தி, பத்துக் கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் உண்மைச் செலவு எந்த மாடலை ஒட்டிப் போகிறது என்று பாருங்கள். இரண்டு மாடலும் ஒத்துப்போகும் நடுக் கூறுகளை விட்டுவிடலாம். சண்டை நடப்பது இரு ஓரங்களில்தான்; அங்கே உண்மை ஜிஎல்எம் பக்கம் நின்றால் பூஸ்டிங் பிடித்தது சத்தம், அதாவது வெறும் தற்செயல்.

இரண்டுக்கும் நடுவே

ஹேஸ்டியும் டிப்ஷிரானியும் கொண்டுவந்த கூட்டு மாடல்கள், அதாவது ஜிஏஎம், வளைகோட்டுப் பிரச்சினையை மட்டும் தீர்க்கும். வயதுக்கு வழவழப்பான கோடு ஒன்று வரும், அதை அப்படியே படமாகக் காட்டலாம். சேர்க்கைகளை இன்னும் நாம்தான் தேட வேண்டும். மரியோ வூத்ரிச்சும் மைக்கேல் மெர்ஸும் 2019-ல் முன்வைத்த வழி வேறு: ஜிஎல்எம் கணிப்பை நரம்பு வலையின் (அடுக்கடுக்கான கணக்குகளால் தரவிலிருந்து கற்கும் மாடல்) கடைசி அடுக்குக்கு நேரே கொண்டுபோய், ஜிஎல்எம் விட்டதை மட்டும் வலை கற்றுக்கொள்ளும்படி செய்வது. நரம்பு வலை மீது ஆசை இருந்தால் அதற்கு இதைவிடப் பத்திரமான வாசல் எனக்குத் தெரியாது.

இதே எண்ணத்தை நரம்பு வலை இல்லாமலும் செய்யலாம். நான் சிபாரிசு செய்வதும் இதைத்தான். விலையை ஜிஎல்எம் சொல்லட்டும். அதன் கணிப்பை ஆஃப்செட்டாக வைத்து, மேலே ஒரு பூஸ்டிங் ஓட்டுங்கள். அதனால் பிழையைக் குறைக்கவே முடியவில்லை என்றால் ஜிஎல்எம் நல்ல நிலையில் இருக்கிறது. குறைத்தால், எந்த இரண்டு காரணிகளைச் சேர்த்துப் பிடித்தது என்று பார்த்து அந்தச் சேர்க்கையை ஜிஎல்எம்முக்குள் கொண்டுவாருங்கள். நாலைந்து சுற்றில் இடைவெளியின் பெரும்பகுதி மூடிவிடும். முழுவதும் பூஸ்டிங்குக்குப் போவதற்கு நியாயம் இருக்கும் இடம்: லட்சக்கணக்கான பாலிசிகள், விலை ஒப்பீட்டுத் தளங்களில் நேரடிப் போட்டி, அடிக்கடி விலையை மாற்ற அனுமதி.

அந்த அனுமதி சட்டத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் 1-ல் அளித்த தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய காப்பீட்டு ஒப்பந்தங்களின் பிரீமியத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு கூடாது. ஜிஎல்எம்மில் அந்தக் காரணியை நீக்கினால், அதன் சாயல் வேறு எந்தக் காரணியில் ஏறிக்கொள்கிறது என்று பெருக்கெண்களை ஒப்பிட்டுக் கண்டுகொள்ளலாம். பூஸ்டிங்கில் அது நூற்றுக்கணக்கான மரங்களில் கரைந்துவிடும். கலிபோர்னியாவில் 1988-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆவது முன்மொழிவோ இன்னும் இறுக்கம்: வாகனக் காப்பீட்டில் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் தூரம், ஓட்டிய அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றும் இதே வரிசையில் கனம் பெற வேண்டும். காரணிகளின் கனத்தை இப்படி வரிசையாக நிரூபிக்க வேண்டிய இடத்தில் பூஸ்டிங்கோடு போவது வீண் தலைவலி.

சின்னப் பிரிவுகளுக்கு

நம் 200 வண்டிப் பிரிவுக்குத் திரும்புவோம். அங்கே ஜிஎல்எம்மும் தடுமாறும், பூஸ்டிங்கும் தடுமாறும். அதற்கென்றே ஒரு நூற்றாண்டாக இருப்பது நம்பகத்தன்மை முறை: பிரிவின் சொந்த அனுபவத்தையும் பொதுச் சராசரியையும் எடைபோட்டுக் கலப்பது. மோப்ரே 1914-ல் தொடங்கிவைத்த பாதையில், பிரிவின் சொந்த அனுபவம் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்க 90 சதவீத நிகழ்தகவு வேண்டும் என்றால் 1,082 க்ளெய்ம் தேவை. அதற்குக் குறைந்தால் வர்க்கமூல விகிதத்தில் எடை. 14 க்ளெய்முக்குச் சுமார் 11 சதவீதம் எடை கிடைக்கும். ஆக, கண்ணுக்குத் தெரிந்த 29 சதவீதக் கூடுதலில் விலையில் ஏற்றுவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஹான்ஸ் பூல்மன் 1967-ல் இதற்குச் சீரான அடித்தளம் போட்டார். 1970-ல் ஸ்ட்ராப்புடன் சேர்ந்து அளவு மாறும் பிரிவுகளுக்கும் நீட்டினார். பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாகவும், பிரிவுக்குள் ஆட்டம் சிறிதாகவும் இருந்தால் சொந்த அனுபவத்துக்கு எடை கூடும். நிறுவன வாகனக் கூட்டங்கள், அஞ்சல் குறியீட்டுப் பகுதிகள், நூற்றுக்கணக்கான கார் மாடல்கள் என்று நீளும் காரணிகளுக்கு இன்றும் இதைவிட நேர்மையான வழி இல்லை. ஜிஎல்எம்மோடு கலப்பு விளைவுகளாக (சின்னப் பிரிவின் எண்ணைப் பொதுச் சராசரி நோக்கி இழுக்கும் காரணிகளாக) சேர்த்துவிட்டால் போதும்.

வால்பகுதிக்குத் தனி ஆள்

இதுவரை பேசியதெல்லாம் சராசரியைப் பற்றி. வால்பகுதி என்பது அரிதாக வரும் மிகப் பெரிய இழப்புகள். ஒரே ஒரு பெரிய தீ விபத்தோ உடற்காய வழக்கோ ஆண்டின் கணக்கையே புரட்டிப்போடும் இடத்தில் இந்த முறைகள் எதுவும் உதவாது. டென்மார்க்கில் 1980 முதல் 1990 வரை பதிவான, 10 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தீ இழப்புகளின் தரவு இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். 1 கோடி குரோனர் வரம்புக்கு மேல் பொதுமைப்படுத்திய பரேட்டோ பரவலைப் (பெரிய இழப்புகளுக்கான பரவல்) பொருத்தினால், வாலின் தடிமனைச் சொல்லும் வடிவ எண் 0.5-ஐ ஒட்டி வருகிறது. 0.5-ஐத் தொட்டாலே பரவற்படி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) முடிவிலி. காமா பரவலோ முடிவுள்ள பரவற்படியை நம்பி நிற்பது. அப்படிப்பட்ட தரவில் காமா ஜிஎல்எம் ஓட்டினால், ஒரு பெரிய தீ எந்தப் பிரிவில் விழுந்ததோ அந்தப் பிரிவின் பெருக்கெண் எகிறிவிடும். அடுத்த ஆண்டு வேறு பிரிவு.

நடைமுறையில் செய்வது இது. ஒரு வரம்புக்கு மேலுள்ள தொகையை வெட்டி, வெட்டிய தொகைக்கு ஜிஎல்எம். வரம்புக்கு மேல் போனதை எல்லாப் பிரிவுக்கும் பகிர்ந்து ஏற்றுவது. அந்தப் பகிர்வுத் தொகையைப் பரேட்டோ மாடல் சொல்லும். வரம்பை எங்கே வைப்பது என்பதற்கு ஒரே சரியான விடை கிடையாது. உயர்த்தினால் புள்ளிகள் தீர்ந்துபோகும், தாழ்த்தினால் கோட்பாடே பொருந்தாது. மூன்று வரம்பில் ஓட்டி விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

நிதி இடர் அளவில்

மோசமான ஆண்டைத் தாங்க நிறுவனம் கையில் எவ்வளவு வைக்க வேண்டும் என்ற மூலதனக் கணக்குக்கு வந்தால் வால்பகுதிதான் முழு விஷயமும். ஐரோப்பாவின் சால்வன்சி 2 விதி ஓராண்டில் 99.5 சதவீத நிலையைக் கேட்கிறது, அதாவது 200 ஆண்டுக்கு ஒருமுறை வரும் இழப்பு. 200 ஆண்டுச் சீரான தரவு யாரிடமும் இல்லை என்பதால் எந்த முறையும் தரவுக்கு வெளியே நீட்டித்தான் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் விதி 99 சதவீதத்துக்கு அப்பாலுள்ள இழப்புகளின் சராசரியைக் கேட்கிறது.

சந்தை இடருக்கு (சொத்துகளின் விலை விழும் ஆபத்துக்கு) மிக எளிது வரலாற்று ஒப்புருவாக்கம்: கடந்த 250 நாட்களின் இழப்புகளை வரிசைப்படுத்தி 99 சதவீத நிலையைப் படிப்பது. எந்தப் பரவலையும் ஊகிக்க வேண்டாம். ஆனால் அந்த எண் நிற்பது இரண்டு மூன்று மோசமான நாட்களின் மேல். ஒரு பெரிய சரிவு அந்த 250 நாள் ஜன்னலை விட்டு வெளியேறும் அன்று, சந்தையில் எதுவும் நடக்காமலே இடர் அளவு சட்டென்று இறங்கும். எங்கிள் 1982-லும் போலர்ஸ்லெவ் 1986-லும் வகுத்த ஆர்ச், கார்ச் மாடல்கள் கொந்தளிப்பு தொடர்ந்து வரும் இயல்பைப் பிடித்துக்கொள்வதால் சரிவு வந்த மறுநாளே அளவை உயர்த்தும். மக்னீலும் ஃப்ரேயும் 2000-ல் செய்ததுபோல, கார்ச்சால் கொந்தளிப்பை நீக்கி, மிஞ்சிய எச்சங்களின் வாலில் பரேட்டோ பொருத்துவதுதான் இவற்றில் என் தேர்வு. கொஞ்சம் வேலை கூடுதல், அவ்வளவுதான்.

பல சொத்துகளை இணைக்கும்போது காஸ் கோப்புலாவை மட்டும் நம்ப வேண்டாம் (கோப்புலா என்பது சொத்துகள் சேர்ந்து நகரும் விதத்தைச் சொல்லும் சார்பு). இணைப்பு 0.5 ஆக இருந்தாலும், ஒன்று எல்லை மீறி விழும்போது மற்றதும் விழும் நிகழ்தகவு அதில் எல்லையில் சுழியத்துக்குப் போய்விடும். அதே 0.5-ல், கட்டின்மைப் படி (சிறிதானால் வால் தடிக்கும்) 4 உள்ள டி கோப்புலா அதைச் சுமார் 0.25 என்கிறது. நெருக்கடியில் எல்லாம் சேர்ந்தே விழும் என்பதை முதலாவது ஒத்துக்கொள்வதே இல்லை.

எந்த அளவைச் சொல்வது என்பதிலும் தேர்வு இருக்கிறது. வங்கிகளுக்கு விதி வகுக்கும் பாசல் குழு 99 சதவீத விஏஆரிலிருந்து (99 சதவீத நாட்களில் இழப்பு தாண்டாத எல்லை) 97.5 சதவீத எதிர்பார்ப்பு வீழ்ச்சிக்கு, அதாவது அந்த எல்லைக்கு அப்பாலுள்ள இழப்புகளின் சராசரிக்கு, மாறியது. இயல்நிலைப் பரவலில் முதலாவது 2.33 திட்டவிலக்கம், இரண்டாவது 2.34. வால் மெலிந்திருந்தால் மூலதனம் மாறாது, தடித்திருந்தால் இரண்டாவதுதான் கூடும். ஆனால் சராசரியை நாள்தோறும் சோதிப்பது கடினம்; விஏஆர் மீறிய நாட்களை எண்ணுவது சுலபம். 250 நாளில் நாலு மீறல் வரை பச்சை, ஐந்திலிருந்து ஒன்பது வரை மஞ்சள், பத்து வந்தால் சிவப்பு. அதனால் மூலதனத்தை ஒன்றால் கணக்கிட்டாலும் சோதனையை பாசல் இன்னும் விஏஆரால்தான் நடத்துகிறது. கட்டும் மாடல் இரண்டு எண்ணையும் தர வேண்டும்.